பைக் டியூவும் பையன் டியூவும்

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில பக்கத்து இலையில தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர். வயசு நாப்பதுக்குள்ள இருக்கும். பிரிஞ்சு, டைவர்ஸும் ஆயிடுச்சு. ஒரே பையன், மூணாவது படிக்கிறான், அம்மாகிட்ட வளர்றான். சாம்பார் வாளி வர்றதுக்குள்ள எதிர் வரிசைப் பெரியவர் பேச்சுக் குடுத்தார், "என்னப்பா, கேஸு கீஸு எல்லாம் முடிஞ்சுதா?"

மனுஷன் அலட்டிக்கவே இல்ல. "எங்க மாமா முடியுது? பையனுக்கு மாசம் ஆறாயிரம்னு ஆர்டர். பதினாலு மாசம் பாக்கி நிக்குது. ரொம்பப் போனா என்ன, ஒரு மாசம் உள்ள போயிட்டு வந்தா கணக்கு நேராயிடும்."

வரிசையே சிரிச்சுது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நானும் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் உறைச்சுது. பதினாலு ஆறாயிரம் எம்பத்து நாலாயிரம். மூணாவது படிக்கிற ஒரு பையனோட எம்பத்து நாலாயிரத்தைச் சாப்பிட்டுட்டு ஒருத்தன் பந்தியில ரெண்டாவது வடை கேக்கறான், நாம எல்லாம் சிரிச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருக்கோம். அந்தக் கடுப்புல எழுதற பதிவு இது. நான் வக்கீல் இல்ல. சட்டத்தையும் தீர்ப்புகளையும் ரெண்டு வாரமா படிச்ச சாதாரண ஆசாமி, அவ்வளவுதான்.

முதல்ல, அது யார் காசு?

நம்ம ஊர்ல ஜீவனாம்சம்னு சொன்னாலே "அவளுக்கு ஏன் அழணும்?"னுதான் ஆரம்பிக்கறாங்க. சாமிகளா, மனைவிக்கு வர்றது வேற, பிள்ளைக்கு வர்றது வேற. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125-வது பிரிவுன்னு இருந்துதே, அதுதான் 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவுல 144-வது பிரிவு. அதுல மனைவி ஒரு வரி, பிள்ளை தனி வரி, பெத்தவங்க தனி வரி. கல்யாணத்துல பொறந்த பிள்ளையா, வெளியில பொறந்த பிள்ளையாங்கற வித்தியாசம்கூட கிடையாது. எந்த மதமா இருந்தாலும் பொருந்தும். முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை உண்டுன்னு 1997-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

ஆக அம்மா வெறும் கைமாத்தி விடற ஆள். காசுக்குச் சொந்தக்காரன் பையன். புருஷன் பொண்டாட்டி உறவு அத்துப்போகும். அப்பன் பிள்ளை உறவை எந்த கோர்ட்டும் டைவர்ஸ் பண்ணினதில்ல.

பாக்கி எப்படி மலையா ஆகுது?

"ஆர்டர் வந்த அன்னிக்கே லட்சக்கணக்குல பாக்கின்னு சொல்றாங்க, அநியாயம்"னு புலம்பறவங்க உண்டு. இதுல மர்மம் ஒண்ணும் இல்ல. மனுப் போட்ட தேதியில இருந்தே தொகையைக் கணக்குப் பண்ணணும்னு 2020 நவம்பர் 4-ந் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க ஒரே வழிமுறையா வகுத்துச்சு. மனு ரெண்டு வருஷம் இழுத்து, மாசம் ஆறாயிரம்னு முடிவானா, தீர்ப்பு வர்ற அன்னிக்கே 1,44,000 ரூபா நிக்கும். அது அபராதம் இல்ல. அந்த ரெண்டு வருஷமும் பையன் சாப்பிட்ட சோறு, போட்ட யூனிஃபார்ம். யாரோ கடன் வாங்கிப் போட்டிருக்காங்க.

இடைக்காலத் தொகை கேட்டு மனுப் போட்டா, நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள்ள முடிஞ்ச வரைக்கும் தீர்க்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அதே 2020 தீர்ப்புல, ரெண்டு பேரும் சம்பளம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா குடுக்கணும்னும் சொல்லியாச்சு. இதெல்லாம் ஒழுங்கா நடந்தா பாக்கி மலையாகாது. ஆனா நடக்கறது என்ன? நோட்டீஸ் வாங்க மாட்டான். வாங்கினா வக்கீல் வைக்க வாய்தா. வச்சா பத்திரம் தாக்கல் பண்ண வாய்தா. வாரண்ட் வர்ற நேரம் பாத்து பத்தாயிரத்தைக் கட்டிட்டு இன்னொரு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும்.

"ஒரு மாசம் உள்ள போனா கணக்கு நேர்"

நேராகாது ராசா. கட்டாத ஒவ்வொரு மாசத் தொகைக்கும் ஒரு மாசம் வரைக்கும், இல்ல கட்டற வரைக்கும், சிறைங்கறதுதான் சட்ட வாசகம். எல்லாத்துக்கும் சேத்து ஒரே மாசமா, மாசத்துக்கு ஒண்ணான்னு கோர்ட்டுகள் ஒரே மாதிரி படிக்கல. ஆனா ஒரு விஷயத்துல சந்தேகமே இல்ல. ஜெயில்ங்கறது கட்ட வைக்கிறதுக்கான வழி, கட்டினதுக்குச் சமம் இல்லன்னு உச்ச நீதிமன்றம் எண்பதுகளோட கடைசியிலயே தெளிவாச் சொல்லிடுச்சு. உள்ள போயிட்டு வெளிய வந்தா அதே எம்பத்து நாலாயிரம் வாசல்ல நிக்கும், கூடவே புது மாசத்து ஆறாயிரமும்.

இன்னொரு பக்கம் அம்மாக்கள் உஷாரா இருக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. பாக்கி விழுந்த தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனுப் போட்டாத்தான் வாரண்ட் வழி. "அடுத்த மாசம் சேத்துக் குடுத்துடறேன்"னு அவன் இழுக்கறது பல சமயம் இந்தக் கணக்குலதான். பதினாலு மாசம் சும்மா இருந்துட்டுப் போனா மொத ரெண்டு மாசம் வாரண்ட்டுக்கு வெளிய போயிடும். அதுக்காகக் காசே போச்சுன்னு இல்ல. 2013-ல நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்து மேல போன ஒரு வழக்குல, ஒரு வருஷம் தாண்டினா இந்தக் குறுக்கு வழிதான் அடைபடும், பாக்கி மேல உள்ள உரிமை போகாது, சாதாரண வசூல் வழி தொறந்தே இருக்குன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. ஆனா அந்தச் சுத்து வழியில நடக்க எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கு?

நம்ம ஆளுங்க சொல்ற சாக்குகள்

1. "அவளும்தான் சம்பாதிக்கிறா." சரி. நல்லா சம்பாதிச்சா பிள்ளையோட படிப்புச் செலவை ரெண்டு பேர் வருமானத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக்கலாம்னு 2020 தீர்ப்பே சொல்லுது. பிரிச்சுக்கலாம்னா உன் பங்கு பூஜ்யம்னு அர்த்தமா?

2. "வேலை போயிடுச்சு." நிஜமா போயிருந்தா தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட 146-வது பிரிவு இருக்கு. போட்டுட்டு வா, உன் பக்கம் நானே பேசறேன். கேஸுக்காகவே வேலையை விட்டவனுக்கு வேற பதில். உடம்புல தெம்பிருந்தா கூலி வேலை செஞ்சாவது மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் காப்பாத்தணும்னு 2022-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

3. "பையனைப் பாக்க விட மாட்டேங்கறா." இதுல மட்டும் எனக்கு நிஜமாவே பரிதாபம் உண்டு. பெத்த பிள்ளையைப் பாக்க விடாம பண்றது கொடுமை, அப்படிப் பண்ற அம்மாக்களும் இருக்காங்க. அதுக்குத் தனி மனுப் போடு, சண்டை போடு. ஆனா பையனோட சோத்தைப் பணயம் வைக்காதே. மாசா மாசம் கட்டின ரசீதோட போய் நிக்கற அப்பனுக்கு கோர்ட்டுல இருக்கற மரியாதையே வேற.

4. "குடுத்தா அவதான் செலவு பண்ணிக்கறா." ஒரே வீடு, ஒரே அடுப்பு. வாடகையில பையன் பங்கு எவ்வளவு, கேஸ் சிலிண்டர்ல எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கறது? ஆறாயிரத்துல நகை வாங்கற அளவுக்கு விலைவாசி இறங்கிடுச்சா என்ன?

என் கோவம் அவன் மேல மட்டும் இல்ல

பைக் லோன் வாங்கினவன் ஒரு மாசம் டியூ கட்டலைன்னா சிபில் ஸ்கோர் இறங்குது, போன் மேல போன் வருது, கடைசியில வண்டியைத் தூக்கிட்டுப் போறாங்க. பையன் டியூ பதினாலு மாசம் கட்டலைன்னா? ஒண்ணும் ஆகறதில்ல. பைக்குக்குக் கடன் குடுத்தவன் பின்னாடி ஒரு கம்பெனியே ஓடுது. பையன் பின்னாடி ஓடறது அவன் அம்மா ஒருத்திதான்.

சட்டத்துல பல்லே இல்லன்னு சொல்ல மாட்டேன். சாதாரணக் கடன் டிகிரின்னா சம்பளத்துல மொத ஆயிரமும், மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் தொட முடியாது. ஜீவனாம்ச டிகிரின்னா மூணுல ஒரு பங்குதான் பாதுகாப்பு, மிச்சத்தை ஜப்தி பண்ணலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல, முதலாளியே சம்பளத்துல ஒரு பகுதியை நேரா கட்டணும்னு மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட வழி இருக்கு. பல் இருக்கு, ஆனா பாதிக்கப்பட்டவதான் ஒவ்வொரு தடவையும் வாயைத் தொறந்து காட்டணும்.

மத்த ஊர்ல என்ன பண்றாங்க? பிரிட்டன்ல அரசாங்க அமைப்பே கணக்குப் போடுது. அடிப்படை விகிதம் ஒரு பிள்ளைக்கு மொத்த வருமானத்துல 12 சதவீதம், ரெண்டுன்னா 16, மூணும் அதுக்கு மேலயும்னா 19. கட்டலைன்னா சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்க. அமெரிக்காவுல பாக்கி 2,500 டாலரைத் தாண்டினா பாஸ்போர்ட் கிடையாது. அங்கயும் ஓட்டை உண்டு, ஏமாத்தறவனும் உண்டு. ஆனா துரத்தற வேலை அம்மா தலையில மட்டும் இல்ல.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சம்பளக்காரனா இருந்தா ஆர்டர் போடற அன்னிக்கே சம்பளத்துல பிடிக்கற உத்தரவும் தன்னால சேந்து வரணும். பி.எஃப். பிடிக்கலையா, வரி பிடிக்கலையா, அது மாதிரி. கட்டலைன்னாத்தான் ஜப்தின்னு இல்லாம, மொதல்லயே பிடிச்சுட்டா பாக்கின்னு ஒண்ணு எப்படி வரும்? தினக்கூலிக்கும் சொந்தத் தொழிலுக்கும் இது சரிப்படாது, தெரியும். எல்லாருக்கும் முடியாதுங்கறதுக்காக முடியறவனையும் விட்டுடணுமா?

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கறது பந்திதான். அடுத்த தடவை எவனாவது "பாக்கி நிக்குது"ன்னு பெருமை பேசினா சிரிக்காதீங்க மக்களே. "பையன் ஃபீஸ் யாரு கட்டினா?"ன்னு மட்டும் கேளுங்க. நான் அன்னிக்குக் கேக்கல. போன ஞாயித்துக்கிழமை போன் போட்டுக் கேட்டேன். "உனக்கென்னடா அக்கறை?"ன்னு வச்சுட்டார். பரவாயில்ல, மறுபடியும் கேப்பேன்.

டிஸ்கி: வக்கீலுக்குக் காசில்லன்னு யாரும் உக்கார வேணாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்குப் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்துல இருக்கற சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல கேளுங்க, இல்லன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. கட்டற அப்பாக்களே, கையில குடுக்காதீங்க. பேங்க் மூலமா அனுப்புங்க, ஒண்ணாந்தேதி தானா போற மாதிரி போட்டு வைங்க. உங்களுக்கும் அதுதான் சாட்சி.