பழைய ஃபிலிம் கேமராவுக்கு மீண்டும் மவுசு: ரிப்பேரான கேமராவை நம்பி வாங்கலாமா?

வெள்ளகோவில் போன்ற ஊர்களில் கல்யாணம், காதுகுத்து என எல்லாவற்றையும் படம்பிடித்த ஃபிலிம் கேமராக்கள், டிஜிட்டல் வந்ததும் பரணுக்குப் போயின. இப்போது இளைஞர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். 2024-ல் பென்டாக்ஸ் நிறுவனம் ‘பென்டாக்ஸ் 17’ என்ற புது ஃபிலிம் கேமராவையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால், கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் பழையவை. ‘சின்ன ரிப்பேர்தான்’ என்று விற்பவர் சொன்னால் நம்பலாமா?

எது எளிதில் சரியாகும்?

பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று உருகியிருந்தால் பயமில்லை. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டிடலாம். பேட்டரி கசிந்து லேசாகப் பச்சை படிந்திருந்தாலும் சுத்தம் செய்யலாம்.

எது சிக்கல்?

டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல்நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்திருந்தால், துடைத்தாலும் தழும்பு போகாது. ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அமுக்குங்கள். பாதியில் நின்றாலோ இழுத்தாலோ, பிரித்து முழு சர்வீஸ் செய்யணும்.

எலெக்ட்ரானிக் போர்டு போனால் இன்னும் கஷ்டம். புது பார்ட்ஸ் வராது. அதே மாடலில் இன்னொரு கேமராவைப் பிரித்துத்தான் எடுக்கணும். யாஷிகா எஃப்எக்ஸ்-3, ஜெனிட்-ஈ போன்றவற்றின் ஷட்டர் பேட்டரி இல்லாமலே இயங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இவையே பாதுகாப்பு.

1960, 70-களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. சுற்றுச்சூழல் தடைகளால் அது இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் பல மாடல்களில் லைட் மீட்டர் தப்பாகக் காட்டும்.

செலவு எங்கே ஏறுகிறது?

1960-ல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை, ‘இந்து’ ஃபிலிமைத் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இப்போது நம்பியிருப்பது வெளிநாட்டு ஃபிலிமைத்தான். ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் என ஒவ்வொரு 36 படத்துக்கும் பணம் போகும். கேமராவில் கோளாறு இருப்பதும் ரோலைக் கழுவிய பிறகே தெரியும். அதனால் முதல் ரோலைச் சோதனைச் செலவாகவே கணக்கில் வைக்கணும்.

என்ன செய்யலாம்?

இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். முதலில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, எந்த மாடலைப் பிரிக்கத் தெரியும், கூலி எவ்வளவு என்று கேளுங்கள். கேமரா விலையோடு அதையும் கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசினால் போதும்.