அஞ்சு வருஷ மாத்திரைக்கு அஞ்சு நிமிஷம் பேசக்கூடாதா?

"கட்டிய எடுத்தாச்சு, கரண்டும் வச்சாச்சு. இனி மாத்திரைதான், எழுதிக் குடுத்திருக்காக." மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, மதுரையிலிருந்து விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுப் பகுதியான வெம்பக்கோட்டைக்குத் திரும்பும் பெண்ணின் பேச்சு இப்படித்தான் இருக்கும். அந்த மாத்திரை எதற்கு, எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஓ.பி. சீட்டில் அது ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கும்.

அது சத்து மாத்திரை அல்ல. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி என்று பரிசோதனையில் தெரிந்தவர்களுக்குத் தருவது. டமாக்சிஃபென் அந்த ஈஸ்ட்ரோஜனைப் புற்றணுவுக்குள் வேலை செய்ய விடாது. மாதவிலக்கு நின்றவர்களுக்குத் தரும் லெட்ரோசோல், உடம்பில் அது சுரப்பதையே குறைத்துவிடும். குறைந்தது 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம். 5 வருஷம் டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களிடம், தொடங்கியதிலிருந்து 15 வருஷங்களில் இந்நோயால் வரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலையும் அதிகமில்லை.

ஆனால் லெட்ரோசோல் மூட்டுகளைப் பிடிக்கும். காலையில் விரல் மடங்காது. சரவெடி பின்னுகிறவருக்கும் திரி வைக்கிறவருக்கும் விரல்தான் சம்பளம், எண்ணிக்கைக்குத்தான் கூலி. உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும். பட்டாசு அறையில் மின்விசிறிக்கும் வழியில்லை. மாத்திரையை நிறுத்தினால் கை லேசாகிறது, நிறுத்திவிடுகிறார். அவரைக் குறை சொல்வது அநியாயம். வலி வந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், நடைப்பயிற்சி உதவும், தானாக நிறுத்தக்கூடாது என்று யாரும் சொல்லாவிட்டால் அவர் வேறென்ன செய்வார்? மாதவிலக்கு நின்றபின் டமாக்சிஃபென் எடுக்கையில் உதிரப்போக்கு வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. போதாததற்கு, லெட்ரோசோல் குழந்தைப்பேறு சிகிச்சைக்கும் தரப்படுகிற மருந்து. பேரன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது பிள்ளை பெறுறதுக்கு" என்று சொன்னால் கதை முடிந்தது.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள்: மாத்திரையின் பெயர், தொடங்கிய தேதி, முடிக்கும் வருஷம், என்ன தொந்தரவு வரும், எதற்கு உடனே வர வேண்டும். ஒரு செவிலியர் அதைப் படித்துக்காட்டி, நோயாளியையே திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று சீட்டைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் போதும்.

மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு மதுரைக்குப் பஸ் ஏறுவதையும் நிறுத்தலாம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறந்தாயிற்று, மாத்திரையை அங்கேயே தரலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் தன்னார்வலர் வழியாக வீடு தேடி வருகின்றன. தன்னார்வலரின் அதே பையில் இந்த மாத்திரையும் இருக்கட்டும், போகும்போது "கை வலிக்குதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, ஆமென்றால் டாக்டருக்குச் சொல்லட்டும். ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனைக்குப் போகிற நாளைக் கூலியோடு விடுப்பாகத் தருவது பட்டாசு ஆலைகளின் பொறுப்பு. மாவட்ட நிர்வாகம் இதை வெம்பக்கோட்டை வட்டாரத்தில் முதலில் தொடங்கட்டும்.