கல்யாணம் இதற்கு மருந்து அல்ல!

மாதவிலக்கு தள்ளிப்போகிறது. முகத்தில் முடி வளருகிறது. உடல் பருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டையில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால், அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்? "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது!

என்ன நோய்?

இதன் பெயர் சினைப்பை நீர்க்கட்டி நோய். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்கள் 100 பேரில் 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பலருக்கு நோய் இருப்பதே தெரியாது.

கட்டி என்றதும் பயப்பட வேண்டாம். இது புற்றுநோய் அல்ல. முதிராத கருமுட்டைப் பைகளே ஸ்கேன் படத்தில் நீர்க்கட்டி போலத் தெரிகின்றன.

மனமும் வாடும்

2023-ம் ஆண்டில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வைத்திய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார்கள். இந்த நோய் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்க்க வேண்டும் என்று அது கூறுகிறது. "மீசைக்காரி", "மலடி" என்ற ஏச்சு, வாடிய மனதை மேலும் வாட்டும் அல்லவா?

என்ன செய்யலாம்?

நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால், கட்டுப்படுத்தலாம். நடை, அளவான சாப்பாடு, டாக்டர் தரும் மாத்திரை ஆகியவை உதவும். சிகிச்சையால் பலருக்குக் குழந்தையும் பிறக்கிறது. கவனிக்காமல் விட்டால் சர்க்கரை நோய் வரக்கூடும்.

விருத்தாசலத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மனம் சோர்ந்தால், 14416 என்ற அரசு டெலிபோன் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

மகளுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அழைத்துப் போகும் தகப்பனார், இதற்கும் அழைத்துப் போகலாம். இதில் வெட்கம் எதற்கு?