டப்பிங் இல்லாமல் ஜெயித்த குகை

கொடைக்கானலின் 'டெவில்ஸ் கிச்சன்', 1991-ல் வந்த கமலின் படத்துக்குப் பிறகு குணா குகை ஆனது. 2024-ல் அதே குகையை மையமாக வைத்து 'மஞ்சுமல் பாய்ஸ்' வந்தது. கொச்சிப் பையன்கள் மலையாளம் பேசினார்கள், கொடைக்கானல்காரர்கள் தமிழ் பேசினார்கள். டப்பிங் கிடையாது. ஆனாலும் தமிழ்நாட்டில் தியேட்டர்கள் நிரம்பி வழிந்தன!

ஹாலிவுட்டும் இதை ஒருமுறை பார்த்திருக்கிறது. 2000-ல் ஆங் லீ இயக்கிய 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' முழுக்க முழுக்கச் சீன மொழிப் படம். மலேசியாவில் பிறந்த மிஷெல் யோவுக்கு மாண்டரின் தெரியாது. வசனத்தை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். அமெரிக்கர்கள் சப்டைட்டில் படித்தபடியே ரசித்தார்கள். அங்கே மட்டும் வசூல் 12 கோடி டாலருக்கு மேல். கூடவே 4 ஆஸ்கர்.

2016-ல் இரண்டாம் பாகம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மேற்கத்திய ரசிகர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள். படப்பிடிப்பில் பெரும்பகுதி நியூசிலாந்தில். முதல் படத்தின் சண்டைக் காட்சிகளை அமைத்த யுவென் வூ-பிங்தான் இயக்குநர். யோவும் இருந்தார். வாள் சுழன்றது, மண்வாசனைதான் இல்லை. முதல் பாகத்துக்குக் கிடைத்த பாராட்டு இதற்குக் கிடைக்கவில்லை.

'பான் இந்தியா' என்று கதையின் ஊரையும் பேச்சையும் அழிக்கத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ரசிகன் மலையேறி வரத் தயார். அவனுக்காக மலையைச் சமவெளி ஆக்க வேண்டியதில்லை!