உளி இருக்கு, சுவர் இல்லை

கொழும்பு அடுக்குமாடிகளில் பாத்ரூம் சுவருக்குள்ளேயே பதிச்ச கண்ணாடி அலுமாரி இருக்கும். மூடினா கண்ணாடி, திறந்தா மருந்துத் தட்டு. அதைப் பதிக்கிற மேசன் பாஸுக்குக் கையாளாக நிக்கிறவங்களில் நம்ம தோட்டத்துப் பையன்களும் உண்டு. எங்க லயத்துப் பையன் ஒருத்தன் தீபாவளிக்கு வந்தப்போ அந்த வேலையை அப்படியே சொன்னான். முதல்ல சுவருக்குள்ள குழாயும் வயரும் எங்க போகுதுன்னு பார்க்கணும். லெவல் வச்சுக் கோடு போட்டு, கிரைண்டரால் வெட்டி, உளியால் தட்டி எடுக்கணும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்னா நாலு அங்குலம் உள்ளே போகலாம். நாலரை அங்குலச் சுவரில் கை வைக்கக் கூடாது, அடுத்த அறை தெரியும். அகலம் கூடினா மேலே ஒரு சின்ன லிண்டல்.

அவன் வீட்டில் அம்மாவோட பிரஷர் மாத்திரை, சீனி வருத்தத்துக்கான மெட்போமின், பெனடோல், சித்தாலேப எல்லாம் ஒரே ஷொப்பிங் பேக்கில் இஸ்தோப்பு ஆணியில் தொங்குது. அக்கா பிள்ளைகளுக்கு எட்டுற உயரம். பனிக்கும் மழைக்கும் எல்லாம் ஈரம் பிடிச்சுக் கிடக்கு. அவன் கையில் உளி இருக்கு. வெட்டத்தான் சுவர் இல்லை.

லயம் முழுக்கச் சுவர்தானேன்னு கேப்பீங்க. காம்பராவுக்கு இடப்பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட பங்கு. வலப்பக்கமும் அதே கதை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டின லயம்னா பின்சுவரும் போச்சு. இந்தப் பக்கம் உளி வச்சா அந்தப் பக்கம் சாமிப் படம் விழும். அதைக்கூட அக்கம்பக்கத்தில் பேசித் தீர்த்துக்கலாம். ஆனா அந்தச் சுவர் அவங்களோடதும் இல்லையே! 1970களில் அரசாங்கம் தோட்டங்களைச் சுவீகரிச்சது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போச்சு, பிறகு நீண்டகாலக் குத்தகை. இத்தனை கைமாறிய கடதாசியில் உள்ளே படுத்துத் தூங்குறவங்க பேர் எங்கே? ஒரு அறையை நாலடி நீட்டணும்னா இன்னமும் தொரை ஓம் சொல்லணும். பாட்டன் பிறந்த காம்பராவில் பேரன் விருந்தாளி.

"வீடுதான் கட்டித் தர்றாங்களே, இப்ப அலுமாரி வேற கேக்குதா?" என்று சிரிக்கிறவங்களுக்கும் ஒரு பதில் இருக்கு. 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு என்கிற கணக்கு எங்களுக்கு மனப்பாடம். இந்திய உதவியில் 4,000 வீடு, 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி மேடையேறிச் சொன்ன இன்னொரு 10,000. அடிக்கல் படங்களில் தலைவர்கள் சிரிக்கிறாங்க. வீடு கிடைச்சவங்களிலும் எத்தனையோ பேர் திறப்பை வாங்கிட்டு உறுதிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தாங்க. திறப்பு யாரும் தரலாம், திரும்ப வாங்கவும் வாங்கலாம். உறுதி அப்படியில்லை. அது இருந்தா பேங்க்கில் பேசலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், யாரையும் கேக்காம சுவரை உடைக்கலாம்.

"மருந்துகளைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டுறவங்க மேல எங்களுக்குக் கோபம் இல்லை, சொல்றது சரிதான். ஆனா வருஷா வருஷம் அறிவுரையா தந்துட்டு, நாங்க சுத்தமில்லாத ஆட்கள், விழிப்புணர்வு இல்லாத ஆட்கள்னு அறிக்கை எழுதுறாங்களே, அதைத்தான் தாங்க முடியல. சுவரில் மாடாக்குழி வச்சு விளக்கும் சாமானும் வைக்கிறது நம்ம பாட்டிமாருக்குத் தெரியாத வித்தையா?

1823ஐ வச்சு 2023இல் இருநூறு வருஷம்னு எல்லாரும் பேசினாங்க. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தும் காட்டினோம். அந்த நடையின் கோரிக்கைகளில் காணி இருந்தது, அலுமாரி இல்லை. அதை நாங்களே செஞ்சுக்குவோம்.

பையன் இடம்கூட யோசிச்சு வச்சிருக்கான். பாத்ரூமில் இல்லையாம், சுடுதண்ணி ஆவியில் மாத்திரை கெட்டுப்போகும். அடுப்படியும் வேண்டாம், சூடும் புகையும். அம்மா படுக்கிற அறையில், அக்கா பிள்ளைகள் கதிரை போட்டு ஏறினாலும் எட்டாத உயரத்தில், ஒரு சின்னப் பூட்டோட.