எட்டு ஹேங்கர் கம்பியும் ஒரு பூட்டும்

அமெரிக்காவில் டிவி என்றாலே மாதா மாதம் பில் கட்ட வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் எல்லாம் அங்கே இன்றைக்கும் காற்றில் இலவசமாக வருகின்றன. பிடிக்க ஓர் ஆன்டெனா போதும். அதையும் கடையில் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் சுவாரசியமான சமாச்சாரம்.

சட்டை மாட்டும் ஹேங்கர் கம்பியில் எட்டுத் துண்டு, ஒரு மரப்பலகை, ஸ்க்ரூ, வாஷர், 300 ஓமை 75 ஓமாக மாற்றும் சின்ன மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர். சாமான் இவ்வளவுதான். கம்பிகளை 'வி' மாதிரி மடித்து, இடமும் வலமுமாக நான்கு ஜோடி பொருத்தி, நடுவே இரண்டு கம்பிகளால் இணைக்க வேண்டும். அவை குறுக்கே கடக்கிற இடத்தில் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஸ்க்ரூ படுகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும். ஜன்னல் ஓரம், டவர் இருக்கும் திசையைப் பார்த்து வைத்தால் வேலை முடிந்தது.

இவ்வளவு எளிதா? ஆமாம், காரணம் கணக்குதான். அங்கே யுஎச்எஃப் சேனல்கள் 470 முதல் 608 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் பாதி அலைநீளம் என்பது ஏறக்குறைய ஓர் அடி. ஹேங்கர் கம்பிக்குச் சரியான அளவு! 7 முதல் 13 வரையுள்ள விஎச்எஃப் சேனல்களுக்கு மட்டும் இது அவ்வளவாகப் போதாது, நீளமான கம்பி வேண்டும்.

2009 ஜூன் 12-ல் அங்கே பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு கன்வெர்ட்டர் பெட்டி வாங்க அரசாங்கமே 40 டாலர் கூப்பன் கொடுத்தது. கடைக்காரர்களோ 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று புதுப் பெயர் வைத்து விற்றார்கள். கம்பிக்கு டிஜிட்டலும் தெரியாது, அனலாக்கும் தெரியாது :-) பழைய ஆன்டெனாவே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு. ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறைக்கு 2017-ல் எஃப்சிசி அனுமதி தந்தது. நிலையங்கள் விரும்பினால் மாறலாம். படம் இன்னும் நன்றாக இருக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் பல நிலையங்கள் அந்த சிக்னலுக்குப் பூட்டுப் போடுகின்றன. ஆன்டெனா சிக்னலைப் பிடித்தாலும், சாவி தரப்பட்ட கருவி இல்லையென்றால் படம் தெரியாது. பழைய முறையைப் பெரிய நகரங்களில் 2028-லும் மற்ற இடங்களில் 2030-லும் நிறுத்திவிடலாம் என்று ஒளிபரப்பாளர் சங்கம் 2025 பிப்ரவரியில் மனுவும் கொடுத்தது.

நிகழ்ச்சி திருட்டுப் போகிறது என்பது அவர்கள் வாதம். அந்தப் பயம் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் வரவு செலவைப் பார்க்க வேண்டாமா? காற்றலை பொதுச் சொத்து. பெரும்பாலான நிலையங்கள் ஏலத்தில் காசு கட்டி அதை வாங்கவில்லை. பொதுநலனுக்காக நடத்துவோம் என்ற நிபந்தனையில்தான் உரிமம் கிடைத்தது. விளம்பரக்காரர்களிடம் பணம் வருகிறது, கேபிள் கம்பெனிகளிடம் தனியாக வருகிறது. ஆன்டெனாவில் பார்ப்பவர் விளம்பரத்தைப் பார்த்தே தன் பங்கைக் கொடுத்துவிடுகிறார். அவர் வீட்டுக் கதவுக்கு எதற்கு இன்னொரு பூட்டு?

இதில் அடிபடுவது யார்? மாத பில் கட்ட முடியாதவர்கள், வயதானவர்கள், புயலில் இணையம் அறுந்த பிறகு செய்தி கேட்க டிவியை நம்பியிருக்கும் சிற்றூர்கள். வசதியுள்ளவர் புதுக் கருவி வாங்கிக்கொள்வார்.

புதிய தொழில்நுட்பம் வரட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இலவசமாகத் தருகிறேன் என்று உரிமம் வாங்கிக்கொண்டு, தருகிற பொருளைப் பூட்டி வைப்பது வியாபார நியாயத்தில்கூட சேராது. ஹேங்கர் கம்பி பிடிக்கிற படத்தை டிவியில் காட்ட இன்னொருவர் அனுமதி தேவைப்படக் கூடாது.