சொல்லிவிட்டுத்தான் எய்தோம்

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் மேடையில் சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வந்தால் தமிழுக்கு நல்லது. பாட்டின் மேல் எனக்கு விரோதம் இல்லை. அதை வைத்துக்கொண்டு நம்மவர்கள் செய்யும் காரியத்தின் மேல்தான்.

சமீபத்தில் தெள்ளாரில் ஒரு நண்பர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். நெசவுக்காரர் வீடு. தறி இருந்த கூடத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். காஸாவைப் பற்றி எழுதிய கவிதைகளை வாசிப்பது என்று ஏற்பாடு. ஐந்தாறு வாசிக்கப்பட்டன, ஒன்று நிஜமாகவே நன்றாக இருந்தது. பிறகு பேச்சு தொடங்கியது, எல்லாம் கெட்டது. அக்டோபர் 7ஐப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, இரண்டு பக்கமும் தப்புத்தானே என்றார் ஒருவர். அதற்கு முன்னால் 1948 இருக்கிறது, 1967 இருக்கிறது, யார் தொடங்கியது என்று முதலில் சொல் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தமிழாசிரியர். போரிலும் அறம் பார்த்தவன் தமிழன் என்று ஆரம்பித்து ஒன்பதாம் பாட்டுக்கு வந்து, ஜெனீவா ஒப்பந்தமெல்லாம் நமக்குப் பின்னால்தான் என்று முடித்தார். கைதட்டினார்கள். டீ வந்தது.

மூன்று பேரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள் என்பது என் கட்சி. ஆசிரியரிலிருந்து தொடங்குகிறேன், கைதட்டல் வாங்கியவர் அவர்.

பாட்டை நிதானமாகப் பார்க்கலாம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. அம்பு விடுமுன் பாண்டியன் தரப்பு எதிரி நாட்டாருக்கு அறிவிக்கிறது: பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், தென்புலத்தாருக்குக் கடன் செய்யப் பிள்ளை பெறாதவர்கள், இவர்களெல்லாம் பத்திரமான இடம் போய்ச் சேர்ந்துவிடட்டும் என்று. இந்த ஜாபிதாவில் யார் இல்லை என்று எந்தப் பேச்சாளரும் கேட்டு நான் கேட்டதில்லை. பிள்ளை பெற்ற உழவன் இல்லை. அந்தப் பிள்ளையும் பேர் சொல்லி இல்லை. தள்ளாத கிழவன், நோயாளிக் கணக்கில் புகுந்துகொண்டால் உண்டு. விட்டுப்போனவர்களை எய்யலாம் என்று பாட்டு சொல்லவில்லைதான். ஆனால் ஜாபிதா போடுகிறவன் அதற்கு வெளியே ஒரு ஜனக்கூட்டத்தை உண்டாக்கிவிடுகிறான். சரி, போய்ச் சேர வேண்டிய அந்த இடம் எது, அங்கே எத்தனை நாளைக்குச் சோறு, யார் காவல்? பாட்டில் இல்லை. அரசனைப் பாடும் பாட்டில் அது இருக்கவும் இருக்காது.

ஆறு பாட்டுத் தள்ளி, பதினைந்தில், இதே நெட்டிமையார் இதே முதுகுடுமியை மறுபடி பாடுகிறார். பகைவர் ஊர்த் தெருவைத் தேர் ஓட்டிக் குழியாக்கிக் கழுதையைப் பூட்டி உழுதது, விளைந்த வயலில் தேரை விட்டது, காவலுள்ள குளத்தில் யானையை இறக்கியது, எல்லாம் புகழாக. ஒன்பதை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் பதினைந்தின் பக்கம் போவதில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் முன்னறிவிப்பின் உபயோகம் புரியும். சொல்லிவிட வேண்டும், பிறகு தெருவை உழலாம். தெருவில் எவனாவது மிச்சமிருந்து செத்தால், சொன்னோமே, ஏன் போகவில்லை என்று அவனைக் கேட்கலாம். கொன்றவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இப்படிச் செத்தவன் வாசலில் போய் நின்றுவிடுகிறது.

இது பழங்கதை இல்லை. யாழ்ப்பாணத்தில் 1990 அக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி வைத்து முஸ்லிம்களைக் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுக்க இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டபோது அறிவிப்பு எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அறிவித்தார்களே, அந்த மட்டும் கருணைதான் என்று என்னிடமே ஒரு கவிஞர் சொன்னார். ஒன்பதாம் பாட்டைப் படித்தவர்.

2009இல் இலங்கை அரசாங்கமும் அறிவித்தது. ஜனவரியில் ஒரு பாதுகாப்பு வலயம், பிப்ரவரியில் கடலோரமாக இன்னொன்று, மே மாதம் முள்ளிவாய்க்காலில் அதைவிடச் சிறியதாக மூன்றாவது. துப்பாக்கிச் சூடு இராது என்று சொல்லி ஜனங்களை அழைத்த இடங்கள். முதல் வலயத்திலேயே சுதந்திரபுரம் பக்கம் ஐ.நா. ஆட்கள் உணவு வழங்க இடம் அமைத்து, அது இருக்கும் இடத்தை இராணுவத்துக்குத் தெரிவித்துவிட்டுத்தான் இருந்தார்கள், ஷெல் விழுந்தது. ஆஸ்பத்திரிகள் மேலும் விழுந்தது. அடைபட்டிருந்தது மூன்று லட்சத்துக்கு மேல்; அரசாங்கம் அதில் ஒரு பகுதியைத்தான் கணக்கில் காட்டி, அந்தக் கணக்குக்குத்தான் அரிசி அனுப்பியது. ஒரு பொதுஜனம்கூடச் சாகாத மனிதாபிமான நடவடிக்கை என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைத் தள்ளிவிட முடியாது என்று எழுதியது.

காஸாவில் 2023 அக்டோபர் 13 அன்று வடக்கிலிருந்த சுமார் 11 லட்சம் பேரைத் தெற்கே போகச் சொல்லி உத்தரவு. ஒரு நாள் அவகாசம். வானத்திலிருந்து துண்டுப் பிரசுரம். பிறகு கடலோரம் அல்-மவாஸி என்ற மணல் வெளியைப் பத்திரமான பகுதி என்றார்கள். 2024 ஜூலை 13 அன்று அங்கேயே குண்டு போட்டார்கள். தொண்ணூறு பேர் அளவில் செத்தார்கள். காஸாவின் சுகாதார அமைச்சகக் கணக்கு 2025 மார்ச்சிலேயே 50,000ஐத் தாண்டிவிட்டது. நெட்டிமையாருக்கு இந்த ஊர்களெல்லாம் தெரியாது, பாவம். ஆனால் அவரை மேற்கோள் காட்டுகிறவருக்குத் தெரியும்.

இனி மற்ற இரண்டு பேர். யார் தொடங்கியது என்பது அற்பக் கேள்வி இல்லை. 1948இல் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்கிறவன் பொய்யன். நமக்கும் 1956 இருக்கிறது, 1983 ஜூலை இருக்கிறது. அவை ஏன் யுத்தம் வந்தது என்பதற்குப் பதில். நந்திக்கடல் பக்கம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தப்பி ஓடிய தமிழ்ப் பெண்ணைப் புலி சுட்டது ஏன் என்பதற்கு 1956இல் பதில் கிடையாது. வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியதற்கு 1983இல் பதில் கிடையாது. அதேபோலத்தான் அக்டோபர் 7 அன்று இசை கேட்க வந்த பையன்களைக் கொன்றதற்கும், 1,200 பேரைச் சாகடித்துச் சுமார் 250 பேரைப் பிணையாக இழுத்துக்கொண்டு போனதற்கும். காரணத்தைச் சொல்லத் தொடங்கினால் அது பின்னால் போய்க்கொண்டே இருக்கும், துப்பாக்கி பிடித்த கை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இரண்டு பக்கமும் தப்பு என்கிறவர் இதைவிட சௌகரியமான ஆசாமி. அவர் சொல்வதில் பிசகில்லை. சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார் என்பதுதான் பிசகு. ஒருவன் கணக்கில் இன்னொருவன் குற்றத்தைக் கழித்து மிச்சம் பூஜ்யம் என்று காட்டுகிற கணக்கு இது. கொழும்பும் இதே கணக்கைத்தான் போட்டது: புலிகள் ஜனங்களைக் கேடயமாக வைத்தார்கள், ஆகவே எங்கள் ஷெல்லுக்கு நாங்கள் பொறுப்பில்லை. ஐ.நா. குழு அப்படிக் கழிக்கவில்லை. அரசாங்கத்தின் மீதான குற்றச்சாட்டுகளைத் தனியாக, முழுசாக எழுதியது. புலிகள் மீதானவற்றையும் தனியாக, முழுசாக எழுதியது. ஒன்று இன்னொன்றைக் குறைக்கவில்லை. பொறுப்பு, பாகப்பிரிவினை செய்துகொள்ளும் பூர்வீக நிலமா என்ன, ஆளுக்குப் பாதி என்று வேலி போட?

தெள்ளாரில் உட்கார்ந்து இதைப் பேசியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை முறித்தது இங்கேதான். தெள்ளாறெறிந்த நந்தி என்று கல்வெட்டில் வெட்டினார்கள்; ஒரு கலம்பகமே பாடினார்கள். அந்தக் கலம்பகத்தைக் கேட்டுக் கேட்டே எரிந்து செத்தான் என்று ராஜாவுக்கு ஒரு கதையும் கட்டினார்கள். நல்ல கதை. ஆனால் சாவு என்று நாம் ஞாபகம் வைத்திருப்பது ராஜாவின் சாவைத்தான். ஊர்க்காரன் எவன் செத்தான், யார் வயல் போயிற்று என்பதற்கு ஒரு எழுத்து கிடையாது. ஊருக்குத் தன் பெயர் மட்டும் மிச்சம், அதுவும் ஜெயித்தவன் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு. பக்கத்து வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதியதற்குக் கூட், லாலி என்று இரண்டு தளபதிகள் பெயரைப் பையன்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

தமிழில் வேறு மாதிரி ஒரு புலவனும் இருந்தான். ஆனால் ஆசிரியர்கள் மேற்கோள் காட்டுவது அவனை இல்லை. கோவூர் கிழார். நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறான். கிழார் போய்ப் பேசியது உள்ளே இருப்பவனிடம். பால் இல்லாமல் குழந்தைகள் அழுகின்றன, வீடுகளில் நீர் இல்லை. ஒன்று கதவைத் திற, அல்லது வெளியே வந்து போரிடு, இப்படி ஒளிந்திருப்பது வெட்கக்கேடு என்கிறார். நாற்பத்து நான்காம் பாட்டு. முற்றுகை போட்டவனல்லவா முதல் குற்றவாளி என்று யாராவது அவரிடம் கேட்டிருப்பார்கள். அடுத்த பாட்டில் உறையூர் முற்றுகை. இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து, நீங்கள் இரண்டு பேரும் சூடியிருப்பது ஒரே ஆத்திப் பூ, தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். அதற்கும் அடுத்ததில் கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான். பிடித்து வைத்திருப்பவன் முகத்துக்கு நேரே நின்று பாடிப் பிள்ளைகளை மீட்கிறார். மூன்று பாட்டு, மூன்று விதமான கேட்பவர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பொன்மொழி அவர் சொல்லவில்லை. யார் கையில் கதவு இருக்கிறதோ அவனிடம் கதவைப் பற்றி, யார் கையில் யானை இருக்கிறதோ அவனிடம் யானையைப் பற்றி. எப்போதும் பலித்தது என்றும் இல்லை. நெடுங்கிள்ளிக்கு வரலாற்றில் நின்ற பெயர் காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி.

2009 ஏப்ரலில் எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரித்தோம். கொழும்பை நோக்கியது. எழுதியதெல்லாம் சரி, இன்றும் ஒரு வார்த்தையைத் திருத்த மாட்டேன். ஜனங்களை வெளியே விடுங்கள் என்று புலிகளுக்கும் ஒரு வாக்கியம் சேர்க்கலாமா என்று வயதில் சின்னவர் ஒருவர் கேட்டார். இது அதற்கான சமயம் இல்லை என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். கோவூர் கிழார் அந்த வாக்கியத்தைச் சொன்னது முற்றுகை நடக்கும்போது. சமயம் என்று ஒன்று இருந்தால் அதுதான். எங்கள் அறிக்கையைப் படித்து ஒரு துப்பாக்கி தாழ்ந்திருக்கும் என்று நான் கற்பனை செய்யவில்லை. நான் சொல்லாமல் விட்டது, சொல்லக் கூடியதாக இருந்தது. அவ்வளவுதான்.

நமக்குப் பாலஸ்தீனம் தூர தேசமும் இல்லை. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் கொண்டுவந்தது 1981. யாழ்ப்பாண நூலகம் எரிந்த வருஷம். ஈழ இயக்கங்களில் சில லெபனானில் பாலஸ்தீனர்களிடம் பயிற்சி பெற்றன. 1996இல் இலங்கை விமானப்படை இஸ்ரேலிடம் கிஃபிர் வாங்கியது. வன்னியில் குண்டு போட்டவற்றில் அதுவும் உண்டு. அந்த 1981 புத்தகத்தைப் படித்துவிட்டு நாமே பாலஸ்தீனர்கள் என்று ஒரு தலைமுறை முழுக்கப் புல்லரித்துக்கொண்டது. மொழிபெயர்த்தவர் கல்முனைக்காரர், முஸ்லிம். ஒன்பது வருஷம் கழித்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தபோது, அந்தத் தெருவில் பாலஸ்தீனர் யார், நாம் யார் என்று எவரும் ஒரு கவிதை எழுதிப் பார்த்திருக்கலாம். ஈழத்தில் ஒன்றிரண்டு பேர் எழுதினார்கள், ஆபத்தைத் தெரிந்தே. சென்னையில் ஆபத்து எதுவும் இல்லை.

தெள்ளாரில் வாசித்ததில் ஒன்று நன்றாக இருந்தது என்று சொன்னேனே, அது இந்தப் பத்திரிகைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகக் கேள்வி. தண்ணீர் வரிசையில் நிற்கும் ஒரு பையனைப் பற்றியது. யாருக்காகவும் வாதாடாமல் வரிசையை மட்டும் பார்க்கிறது. ஆசிரியர் அதைப் போட வேண்டும். கூட்டத்துக்குப் பிறகு கவிஞர் அதன் அடியில் புறம் 9 என்று ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறாராம். அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துவிடச் சொல்லி நான் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.